இடிக்குப் பிடுங்கிய பிளக்

கயல், முகில்,

போன வாரம் இடி இடித்தபோது டி.வி., மைக்ரோவேவ், கம்ப்யூட்டர் என்று ஒவ்வொரு பிளக்காக நான் பிடுங்கிக்கொண்டு வந்ததைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தீர்கள். "அப்பா, திஸ் இஸ் டெக்சாஸ். வீ ஹாவ் சர்ஜ் ப்ரொடெக்டர்ஸ்" என்றான் முகில். கயல் ஒரு படி மேலே போய், "நெக்ஸ்ட் ஹி வில் அன்ப்ளக் தி ஃப்ரிட்ஜ்" என்றாள். ஃப்ரிட்ஜை நான் ஏற்கெனவே பிடுங்கியிருந்தேன். அது உங்களுக்குத் தெரியாது.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்கவில்லை. டி.வி.யைப் பிடுங்கிய மாதிரி கம்ப்யூட்டரை நான் சட்டென்று பிடுங்கவில்லை. முறையாக மூடி, திரை இருண்டு, உள்ளே விசிறி நிற்கும்வரை பக்கத்தில் நின்றுவிட்டுத்தான் கையை வைத்தேன். வெளியே மின்னல் வெட்டிக்கொண்டிருந்தாலும் அந்த ஒரு நிமிடம் காத்திருப்பேன்.

அந்த ஒரு நிமிடத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கயல், அந்தக் கதையில் நீயும் இருந்தாய். உன் அம்மாவின் வயிற்றுக்குள்.

பெட்டி மேல் பெட்டி

இதே டெக்சாஸில், ரிச்சர்ட்சன் ஊரில் அப்போது எங்களுக்கு ஒற்றைப் படுக்கையறை அபார்ட்மென்ட். அதை நினைத்தாலே எனக்குக் கண்ணில் வருவது இதுதான்: கட்டிலில் உங்கள் அம்மா இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கிறாள். கட்டிலை ஒட்டி, நாங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு பெரிய சூட்கேஸ்கள், ஒன்றின் மேல் ஒன்று. அவற்றின் மேல் பதினைந்து அங்குல மானிட்டர். கீபோர்டு ஒரு தலையணை மேல். தரை முழுக்க ஒயர்.

ஆறரை மாதத்தில் டாக்டர் சொல்லிவிட்டார். எழுந்து நடமாடக் கூடாது, இடப்பக்கமாகவே படுத்திருக்க வேண்டும், பிரசவம் வரை. பாத்ரூமுக்குப் போய்வரலாம், அவ்வளவுதான்.

உங்கள் அம்மாவுக்குத் தொலைபேசிக் கருவிகளுக்கான சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கும் வேலை. வேலை போனால் விசா போகும். விசா போனால் ஊருக்கு விமானம் ஏற வேண்டும். ஆனால் அந்த நிலையில் விமானம் ஏறவே கூடாது என்றும் அதே டாக்டர்தான் சொல்லியிருந்தார். இந்த முடிச்சை எந்தப் பக்கம் இழுத்தாலும் இறுகியது.

அவளுடைய மேலாளர் நல்ல மனுஷன்தான். ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். "அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீட்டிலிருந்தே லாக்இன் பண்ணு. ஒரு முழு டெஸ்ட்டை மதியத்துக்குள் முடித்துக் காட்டு. முடிந்தால் பிரசவம் வரை வீட்டிலிருந்தே செய்ய நான் அனுமதி வாங்கித் தருகிறேன்" என்றார். முடியாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

எழுதிவிட்டுக் கழற்று

நீங்கள் சின்ன வயதில் ஸ்கூலில் "வாட் டஸ் யுவர் டாட் டு?" என்று கேட்டால் திருதிருவென்று விழித்ததாக டீச்சர் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் என்னைக் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் விழித்திருப்பேன். மனைவியைச் சார்ந்து வந்தவனுக்கான விசா எனக்கு. வேலை செய்ய அனுமதி இல்லை. சமைப்பேன், துணி துவைப்பேன், உங்கள் அம்மாவை ஆபீஸில் விட்டுக் கூட்டி வருவேன். பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து எஃப்.எம். கேட்பேன்.

உங்கள் அம்மா கோமதி எம்.சி.ஏ. நான் ஐ.டி.ஐ. மாமன் மகள் என்பதால் கல்யாணம் நடந்தது. வேறு சம்பந்தமாக இருந்தால் என் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டுக் காபி கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

ஈரோட்டில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் வேலை. எரிந்துபோன கிணற்று மோட்டார் வரும். பழைய காயிலை வெட்டி எடுப்பதற்கு முன்னால் எத்தனை சுற்று, கம்பி என்ன தடிமன், எந்த முனை எங்கே போகிறது என்று நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதாமல் வெட்டினால் மோட்டாரோடு உட்கார்ந்து அழ வேண்டியதுதான். எழுதிவிட்டுக் கழற்று. எனக்குத் தெரிந்த படிப்பு அவ்வளவுதான். அமெரிக்காவுக்கு வந்த பிறகும் கோடு போட்ட ஒரு நோட்டு என்னிடம் இருந்தது. மிக்ஸியைத் திறந்தாலும் முதலில் படம் வரைவேன்.

சைக்கிளில் யானை

கம்ப்யூட்டரைக் கொடுத்தவர் நேசன். யாழ்ப்பாணத்துக்காரர். ரிச்சர்ட்சனில் இருந்த கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிற வேலை. என் வயதுதான். இலங்கை மளிகைச் சாமான் விற்கும் கடையில் மிளகாய்த்தூள் பாக்கெட்டை முன்வைத்து ஆரம்பித்த பழக்கம். லேப்பில் கழித்துக் கட்டிய ஒரு மெஷினை எங்களுக்குக் கொண்டுவந்து, அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார். அம்மாவின் ஆபீஸ் கம்ப்யூட்டர் யூனிக்ஸ். அதோடு பேச இதுதான் சரி என்றார்.

லினக்ஸ் சிடியோடு வந்த டெஸ்க்டாப் பார்க்க வெகு அழகு. பளபளவென்று படம், கீழே பட்டை, நிழல் விழும் ஜன்னல்கள். ஆனால் ஒரு ஜன்னலைத் திறந்தால் உள்ளே ஹார்ட் டிஸ்க் மாவரைக்கிற மில் மாதிரி கரகரத்தது. அது திறப்பதற்குள் நான் ரசம் வைத்துத் தாளித்துவிட்டு வந்துவிடுவேன்.

நேசன் வந்து பார்த்தார்.

"ஐசே, உம்மட மெஷின்ல கிடக்கிறது பதினாறு எம்.பி. மெமரிதான். இதுக்கு மேல இந்த டெஸ்க்டாப்பை ஏத்தினா, சைக்கிள்ல ஆனையை ஏத்தின மாதிரித்தான்."

"அப்ப என்னங்க பண்றது?"

"சின்னனா ஒண்டு இருக்கு. வடிவு இல்லை. ஆனா ஓடும். எல்லாத்தையும் நீர்தான் எழுதிக் குடுக்க வேணும்."

"நானா? கோமதி எழுதட்டுமே."

"அவ ஆபீஸ் வேலையைப் பாக்கட்டும். நீர் சும்மாதானே இருக்கிறீர்?"

கட்டிலிலிருந்து உங்கள் அம்மா சிரித்தாள். "சும்மா எங்கங்க இருக்காரு, பார்க்கிங்ல எஃப்.எம். கேக்கறாருல்ல."

அந்தச் சின்னதை விண்டோ மேனேஜர் என்பார்கள். எந்த ஜன்னல் முன்னால் நிற்க வேண்டும், எது ஒதுங்க வேண்டும், எந்த விசைக்கு எது திறக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்கிற மேஸ்திரி. அலங்காரம் கிடையாது. சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. சொல்ல வேண்டியது முழுவதும் ஒரே ஒரு கோப்பில், வரி வரியாக.

அந்தக் கோப்பைத் தேடியே எனக்கு அரை நாள் போனது. அதன் பெயர் புள்ளியில் ஆரம்பிக்கும். புள்ளியில் ஆரம்பிக்கும் பெயர்கள் சாதாரணமாகப் பட்டியலில் தெரியாதாம். வீட்டுக்காரரின் பெயரே வாசலில் இல்லாத வீடு.

பழையதை அழித்துவிட்டு முதலிலிருந்து இன்ஸ்டால் பண்ணும்போது இன்னொரு கூத்து. மானிட்டரின் அலைவரிசையை நான்தான் எண்ணாகக் கொடுக்க வேண்டும். அதன் கையேடு எங்கேயோ போய்விட்டது. குத்துமதிப்பாக ஒன்றைக் கொடுத்தேன். மானிட்டர் மெல்லியதாக விசிலடித்தது. அம்மா, "என்னுங்க அது, குக்கரா?" என்றாள். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். தாங்க முடியாத காயில் கத்துகிற சத்தம். பாய்ந்துபோய் அணைத்தேன். அடுத்த தடவை எண்ணைக் குறைத்துக் கொடுத்தேன். அமைதியாக வந்து நின்றது. ஈரோட்டுப் படிப்பு டெக்சாஸில் உதவியது அந்த ஒரு தடவைதான் என்று நினைத்தேன்.

ஒன்பது அறை

சாம்பல் நிறத் திரை. நடுவில் ஒன்றுமே இல்லை. முதலில் பார்த்தபோது பெயின்ட் அடிக்காத வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. ஆனால் ஜன்னலைத் திற என்றால், சொல்லி முடிப்பதற்குள் திறந்தது. ஹார்ட் டிஸ்க் மூச்சு விடவில்லை.

பிரச்சினை வேறு பக்கமிருந்து வந்தது. இடப்பக்கம் படுத்திருப்பவளுக்கு இடது கை உடம்புக்கு அடியில். வலது கை மட்டும்தான். மவுஸை மெத்தையில் வைத்தால் போர்வைக்குள் போய்விடும். நாங்கள் அதை எலி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். "ஏனுங்க, எலி மறுபடியும் கால்மாட்டுக்குப் போயிருச்சு."

அதனால் எலியே வேண்டாம் என்று முடிவு செய்தேன். எல்லாம் ஒற்றை விரலில், ஒற்றை விசையில் நடக்க வேண்டும். கீபோர்டின் வலது ஓரத்தில் கால்குலேட்டர் மாதிரி எண்கள் இருக்குமே, அவற்றை எடுத்துக்கொண்டேன். திரையை ஒன்பது அறையாகப் பிரிக்க இந்த மேஸ்திரிக்குத் தெரியும். ஏழை அழுத்தினால் மேல் மூலை அறை, மூன்றை அழுத்தினால் கீழ் மூலை அறை. ஒவ்வொரு அறையிலும் ஒரு வேலை. எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக, படுத்தபடி படிக்கிற மாதிரி.

ஆங்கில விளக்கத்தை அகராதி வைத்துப் படித்தேன். ஒரு வரி எழுதுவேன், திருப்பி ஓட்டிப் பார்ப்பேன், சரியாக வந்தால் நோட்டில் ஏற்றுவேன். வெள்ளிக்கிழமை மதியம் ஒன்பது அறையும் தயார்.

உங்கள் அம்மா எண்களைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். "நவக்கிரகம் மாதிரி இருக்குதுங்க. ஒண்ணை ஒண்ணு பாக்காம."

"நடுவுல சூரியன். உன்ற டெஸ்ட் ஓடறது அங்கதான்."

அவள் ஐந்தை அழுத்தினாள், ஏழை அழுத்தினாள், திரும்ப ஐந்தை அழுத்தினாள். "ஆகுமுங்க" என்றாள். கல்யாணமாகி அதுவரை என் வேலையைப் பார்த்து அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். ரசம் கணக்கில் வராது.

எங்கோ ஒரு பீப்

அதுவரை என்னைக் கூப்பிட அவளிடம் ஒரு டம்ளரும் ஸ்பூனும் இருந்தன. தட்டினால் வருவேன். பாதி நேரம் டம்ளரில் இருக்கும் தண்ணீர் மெத்தையில்.

சனிக்கிழமை சமையலறையில் கடுகு தாளித்துக்கொண்டிருந்தேன். பீப். அமெரிக்காவில் தாளிக்கிறவனுக்கு அந்தச் சத்தம் கேட்டால் என்ன தோன்றும்? ஸ்மோக் அலாரம். நாற்காலியைப் போட்டு ஏறி, ஒரு மேகஸினால் அலாரத்துக்கு விசிறினேன். மறுபடி பீப். இன்னும் வேகமாக விசிறினேன். மறுபடி பீப்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏனுங்க, நான் இங்க கூப்புட்டுட்டே இருக்கறேன். நீங்க யாருக்குங்க விசிறி விடறீங்க?"

நான் துணி துவைக்கப் போயிருந்தபோது அவளே கோப்பைத் திறந்து ஒரு வரி சேர்த்திருக்கிறாள். கடைசி எஃப் விசையை, அதாவது எஃப் பன்னிரண்டை அழுத்தினால் மெஷின் பீப் என்று சொல்லும். ஒரு பீப் என்றால் தண்ணீர், இரண்டு என்றால் முதுகுக்குத் தலையணை, மூன்று என்றால் உடனே வா. அந்த இரண்டு நாளில் இன்னும் எத்தனையோ விசைகளைத் தன் வசதிக்கு மாற்றியிருந்தாள். அவளுக்கு வேலை ஓட்டம் தெரியும். எனக்கு நோட்டுதான் தெரியும். ஆனால் அவள் மாற்றியது எதையும் நான் நோட்டில் ஏற்றவில்லை. திங்கட்கிழமைக்குப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு மதியம்

சாப்பிட்டுவிட்டு, கோப்பில் இன்னும் ஒரு விசையை மாற்றிவிட்டு, அவள் அப்போதுதான் கண்ணசந்திருந்தாள். வெளியே வானம் பச்சையாக மாறியது. இங்கே வசந்த காலத்தில் அப்படி வரும், நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். முதல் இடி, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

யோசிக்கவே இல்லை. இடி என்றால் பிளக்கைப் பிடுங்கு என்று ஈரோட்டில் எனக்குக் கை பழகியிருந்தது. எரிந்துபோன மோட்டார்களில் பாதி இடி விழுந்து வந்தவைதான். தரையில் குப்புற விழுந்து, சுவரிலிருந்து கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கினேன். டெலிபோன் ஒயரையும் பிடுங்கினேன். உட்கார்ந்து பெருமூச்சு விட்டேன். பெரிய நஷ்டத்திலிருந்து காப்பாற்றிவிட்ட திருப்தி.

ஒரு மணி நேரத்தில் மழை ஓய்ந்தது. செருகி ஓட விட்டேன்.

திரையில் வரி வரியாக ஏதோ ஓடியது. பிறகு நின்று ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டது. சரி செய்யட்டுமா, சரி செய்யட்டுமா என்று. நானும் சரி, சரி என்று முப்பது நாற்பது தடவை அழுத்தினேன். கடைசியில் அந்தச் சாம்பல் திரை வந்தது. ஐந்தை அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. ஏழு, மூன்று, ஒன்றும் இல்லை. எஃப் பன்னிரண்டு. சத்தமில்லை.

கோப்பைத் திறந்தேன். பெயர் இருந்தது. உள்ளே ஒரு எழுத்து இல்லை.

டெலிபோனைச் செருகி நேசனைக் கூப்பிட்டேன். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"பிடுங்கினது பிழையில்லை ஐசே. அதுக்கிட்ட சொல்லிப்போட்டுப் பிடுங்கியிருக்க வேணும். அது எழுதிக்கொண்டிருக்கேக்க நீர் பேனையைப் பறிச்சுப் போட்டீர்."

"திருப்பி எடுக்க முடியாதா?"

"அது போயிட்டுது. நோட்டில எழுதி வச்சனீரெல்லே?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தாங்க."

"அப்ப வெள்ளிக்கிழமைக்குப் போம்" என்றார் நேசன்.

விரல் சொன்னது

அம்மா விழித்துக்கொண்டாள். மறைக்கப் பார்த்தேன். என் முகம் அதற்கு ஒத்துழைக்காது.

"பிளக்கைப் புடுங்கிப்போட்டீங்களா?"

"இடி இடிச்சுது அம்மிணி."

அவள் திட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். நாலரை. வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். அந்தக் கையைப் பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருக்கலாம்.

நோட்டைப் பார்த்து ஒன்பது அறையையும் ஆறரை மணிக்குள் மறுபடி எழுதிவிட்டேன். ஆனால் அவள் பழகியது வெள்ளிக்கிழமை வீட்டில் இல்லை. சனியும் ஞாயிறும் அவளே மாற்றிக்கொண்ட வீட்டில். நாளைக் காலை ஒவ்வொரு விசையாகத் தேடிக்கொண்டிருந்தால் மதியத்துக்குள் டெஸ்ட் முடியாது.

"என்னென்ன மாத்துன, சொல்லு. எழுதறேன்."

"சொல்லத் தெரியலீங்க. எந்த கீன்னு நெனைச்சா எல்லாம் கொழம்புது."

பிறகு அவளே, "கீபோர்டை இங்க வைங்க. நீங்க வேலையைச் சொல்லுங்க. என்ன பண்ணோணும்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"டெஸ்ட்டை ஆரம்பி" என்றேன். அவள் விரல் போய் ஒரு விசையின் மேல் நின்றது. எழுதிக்கொண்டேன்.

"ரிசல்ட் பாக்கோணும்." விரல் நகர்ந்தது.

"மெயில்." "எழுத்தைப் பெருசு பண்ணு." "இதை மூடு." ஒவ்வொன்றுக்கும் விரல் போய் நின்றது. ஒருமுறைகூடத் தயங்கவில்லை. பழைய காயிலின் சுற்றை எண்ணுகிற மாதிரி நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். கேட்க வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது என்று நோட்டை மூடப் போனேன்.

கண்ணைத் திறக்காமல் அவளே எஃப் பன்னிரண்டில் விரலை வைத்தாள்.

"இது உங்களுக்கு" என்றாள்.

எட்டு மணிக்கு எல்லாம் ஓடியது. மெஷினுக்கு முறையாகச் சொல்லி, அணைத்து, மறுபடி ஏற்றிப் பார்த்தோம். கோப்பு அங்கேயே இருந்தது.

திங்கள்

காலை ஒன்பதுக்கு டெலிபோன் லைன் வழியாக மோடம் கீச்சிட்டு ஆபீஸோடு சேர்ந்தது. நான் சமையலறையில் சும்மா நின்றேன். தாளிக்கவில்லை. அடுப்பே பற்றவைக்கவில்லை. விசைகளின் சத்தம் மட்டும் கேட்டது, ஒரே கை தட்டுகிற சத்தம், நிறுத்தி நிறுத்தி.

பதினோரு மணிக்கு ஒரு பீப். தண்ணீர் கொண்டுபோனேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் குடித்தாள். பன்னிரண்டரைக்கு மூன்று பீப். கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"என்னாச்சு?"

"முடிஞ்சுதுங்க" என்றாள்.

மோடத்தைத் துண்டித்த அடுத்த நொடி டெலிபோன் அடித்தது. மேலாளர். டெக்சாஸ்காரருக்கே உரிய இழுவையில், காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பதாகவும், லைன் பிஸியாகவே இருந்ததாகவும் சொன்னார். "ஐ ஃபிகர்ட் யூ வேர் வொர்க்கிங்" என்றார். ரிசல்ட் வந்துவிட்டது, பிரசவம் வரை இப்படியே செய் என்றார்.

போனை வைத்துவிட்டு உங்கள் அம்மா பத்து நிமிடம் அழுதாள். பிறகு பசிக்கிறது என்றாள். வீட்டில் சமைத்தது ஒன்றும் இல்லை. தயிர்ச் சோறு பிசைந்தேன், ஊறுகாய் மட்டும்.

பிறகு கயல் பிறந்தாள். சொன்ன தேதிக்கு நாலு நாள் தள்ளித்தான். அவ்வளவு அவசரப்படுத்தியவள் கடைசியில் சாவகாசமாக வந்தாள்.

சில வாரங்களில் உங்கள் அம்மா ஆபீஸுக்குத் திரும்பினாள். முதல் நாள் அவளை விட்டுவிட்டு, பார்க்கிங்கில் உட்காராமல் நேராக வீட்டுக்கு வந்தேன். கயல், உன்னைத் தொட்டிலில் போட்டேன். நீ தூங்கினாய். சூட்கேஸ்கள் மேல் மானிட்டர் அப்படியே இருந்தது. அவற்றைப் பரணில் ஏற்ற வேண்டும், மெஷினை மூலைக்கு மாற்ற வேண்டும்.

ஓட விட்டேன். எஃப் பன்னிரண்டை ஒரு தடவை அழுத்தினேன். பீப். நீ தூக்கத்தில் நெளிந்தாய். இனி அந்த விசை வீட்டில் வேண்டாம், கூப்பிடுவதற்கு உன் குரலே போதும்.

கோப்பைத் திறந்து அவள் எழுதிய வரிக்குப் போனேன். அழிக்கக் கை வரவில்லை. ஒரு வரிக்கு முன்னால் # போட்டால் மெஷின் அதைப் படிக்காமல் தாண்டிப் போகும், ஆனால் வரி இருக்கும். ஒரு # போட்டேன். நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டேன். பிறகு மெஷினுக்குச் சொன்னேன், திரை இருளும்வரை, விசிறி நிற்கும்வரை நின்றேன். வெளியே நல்ல வெயில். பிளக்கை மெதுவாக உருவினேன்.